சின்னப் பழம்

வரப்புக்கு இந்தப் பக்கம் தாம்சன் சீட்லெஸ். அந்தப் பக்கம் ஷிராஸ். நடுவில் ஒரு டிராக்டர் போகிற அகலத்துக்கு மண்பாதை. நாசிக் மாவட்டம் திண்டோரி தாலுகாவில் பிப்ரவரி மாதத்து விடியல். குளிர் இன்னும் விடவில்லை. சொட்டுநீர்க் குழாய்களின் மேல் பனி ஈரம்.

தாம்சன் தோட்டத்தில் கொத்துகள் காகிதம் போர்த்தித் தொங்குகின்றன. பழைய மராத்தி நாளிதழ்கள். இரவுக் குளிரும் பகல் வெயிலும் மாறி மாறித் தாக்கினால் பச்சைப் பழத்தில் லேசாக இளஞ்சிவப்பு ஏறிவிடும். ஏறிவிட்டால் ஐரோப்பாவுக்குப் போகாது. ஓர் இடத்தில் காகிதம் கிழிந்திருக்கிறது. உள்ளே தெரிகிற பழங்கள் நீண்டு, பளபளத்து, ஒன்றையொன்று நெருக்காமல் இருக்கின்றன. இந்த அழகு தானாக வந்ததில்லை. பிஞ்சாக இருக்கும்போதே கொத்தில் பாதியைக் கத்தரித்துக் கழித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கொத்தையும் பிளாஸ்டிக் கோப்பையில் இருக்கிற ஜிப்ரலிக் அமிலக் கரைசலில் முக்கி எடுத்திருக்கிறார்கள். ஏக்கருக்கு ஆயிரக்கணக்கில் கொத்து. அத்தனையும் கை வேலை.

பாதையைத் தாண்டினால் இந்த உபசாரம் எதுவும் இல்லை. ஷிராஸ் கொத்துகள் வெற்றுடம்பாகத் தொங்குகின்றன. கருநீலப் பழம், அதன்மேல் சாம்பல் நிற மாவு. பட்டாணியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். தோல் தடிப்பு. உள்ளே இரண்டு மூன்று விதை. சந்தையில் கொட்டி வைத்தால் யாரும் குனிந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

தோட்டக்காரருக்கு ஐம்பதைத் தாண்டிய வயது. வெள்ளைக் குல்லாய், கழுத்தில் துளசி மாலை. பண்டரிபுரத்துக்கு நடந்து போகிற வார்க்கரி மரபுக்காரர். தாம்சன் வரிசையில் அவர் நடக்கும்போது கை தானாகக் கொத்துக்கு அடியில் போய் ஏந்திப் பார்க்கிறது. எடை, நிறம், காம்பின் பசுமை எல்லாம் அந்த ஒரு ஏந்தலில் தெரிந்துவிடும் போல. பாதையைத் தாண்டி ஷிராஸுக்குள் வந்ததும் அதே கை வேறு மாதிரி வேலை செய்கிறது. ஒரே ஒரு பழத்தைக் கிள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார். மெல்லுகிறார். தோலை முன்பல்லில் வைத்துக் கொஞ்சநேரம் தேய்க்கிறார். விதைகளை உள்ளங்கையில் துப்பி, வெளிச்சத்துக்கு நேராகத் திருப்பிப் பார்க்கிறார். இரண்டு விதை நல்ல பழுப்பு. ஒன்றில் இன்னும் பச்சை ஓரம். பழுப்பு விதையைக் கடைவாயில் வைத்து நொறுக்குகிறார். வறுத்த கடலை உடைகிற சத்தம்.

இவர் ஒயின் குடிக்கிறவர் இல்லை. மாலை போட்டவர்கள் தொடக்கூடாது. இத்தனை வருஷமாகத் தான் விளைவிக்கிற பழம் பாட்டிலில் என்னவாகிறது என்று நாக்கில் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் அந்த விதையைக் கடிக்கிறபோது அவர் முகத்தில் தெரிகிற கவனத்தை நான் எந்த ஒயின் நிபுணரிடமும் பார்த்ததில்லை.

நமக்கெல்லாம் நாசிக் என்றால் வெங்காயம். லாசல்காவ் சந்தையில் விலை ஏறினால் கோயம்பேட்டில் தெரியும். கொஞ்சம் பக்தி உள்ளவர்களுக்குத் திரியம்பகேஸ்வரமும் கோதாவரியும் கும்பமேளாவும். இந்தியாவின் ஒயினில் பெரும்பகுதி இந்த மாவட்டத்திலிருந்துதான் வருகிறது என்பது நம்மில் பலருக்குப் புதுச்செய்தியாகவே இருக்கும். கடல் மட்டத்திலிருந்து சுமார் 600 மீட்டர் உயரம். எரிமலைக் குழம்பு இறுகி உண்டான தக்காணப் பாறை, அதன்மேல் கரிசல், சரிவுகளில் கரிசல் தேய்ந்து சரளை. கரிசலில் வெங்காயமும் சாப்பாட்டுத் திராட்சையும் செழிக்கும். ஒயின் கொடிக்குச் சரளைச் சரிவே போதும். வேர் கொஞ்சம் சிரமப்பட்டால்தான் பழம் சிறுக்கும். பழம் சிறுத்தால்தான் சாற்றுக்குத் தோல் அதிகம். நிறமும் துவர்ப்பும் மணமும் தோலில்தான் இருக்கின்றன.

ஒரு பிக்கப் வண்டி வந்து நிற்கிறது. பின்னால் பதினைந்து பேர் இருக்கலாம், பெரும்பாலும் பெண்கள். சுர்காணா, பேட் பக்கத்து மலைகளிலிருந்து வருகிற ஆதிவாசிக் குடும்பங்கள். அங்கே மழைக்காலத்து நெல்லும் கேழ்வரகும் முடிந்தால் வேலை இல்லை. திராட்சைப் பருவம் முழுக்க இந்தப் பக்கம் தங்கிவிடுகிறார்கள். கூலி ஏக்கர் கணக்கில் பேசியது. கூட்டத்தை அழைத்துவந்த மேஸ்திரியை முகாதம் என்கிறார்கள். அவர் கையில் ஒரு கசங்கிய நோட்டு.

"மாவ்ஷி, இன்னைக்குச் சிவப்பு. பத்து மணிக்குள்ள முடிக்கணும். வெயில் ஏறுனா வண்டியிலயே பொங்கிடும்."

"தெரியும் தாதா. போன வருஷமும் நாங்கதானே வெட்டுனோம்."

மாவ்ஷி என்று கூப்பிடப்பட்டவர் சேலையை முழங்கால்வரை ஏற்றிச் செருகிக்கொள்கிறார். இடது கை கொத்தைப் பிடிக்கிறது, வலது கையில் சின்னக் கத்தரி. சத்தம்கூட வருவதில்லை. பிளாஸ்டிக் கிரேட்டை இங்கே ‘கேரட்’ என்கிறார்கள். அதில் கொத்தை வீசாமல் வைக்கிறார். வைப்பதற்கு முன் ஒரு திருப்பு. அழுகிய பழம் இருந்தால் கத்தரி நுனியால் தட்டிவிடுகிறார். வாடி உலர்ந்த பழத்தை என்ன செய்வது என்று அவர் ஒரு கணம் யோசிப்பது தெரிகிறது. சாப்பாட்டுத் திராட்சையில் அது கழிவு. இங்கே இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. விட்டுவிடுகிறார்.

பக்கத்துத் துண்டில் ஜின்ஃபாண்டெல். அந்தக் கொடியைப் பார்த்தாலே வெட்டுகிறவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். கொத்து நெருக்கம், தோல் மெல்லிசு, ஒரே கொத்தில் ஒரு பழம் உலர் திராட்சையாகிவிட்டிருக்கும், அடுத்தது இன்னும் பச்சை. பறிக்கும் நாளைத் தீர்மானிப்பதே பெரும்பாடு. கலிஃபோர்னியாவிலிருந்து வந்தது. ரோஸ் நிற ஒயினுக்கு நன்றாக இருக்கிறது என்பதால் நிலைத்துவிட்டது.

திராட்சைக் கொடி குளிர்நாட்டுச் செடி. ஐரோப்பாவில் பனிக்காலம் வந்தால் இலை உதிர்த்துத் தூங்கும், வசந்தத்தில் விழிக்கும், இலையுதிர் காலத்தில் பழம் தரும். நாசிக்கில் தூங்கவே தூங்காது. பனிக்காலம் செய்கிற வேலையை இங்கே கத்தரி செய்கிறது. ஏப்ரலில் ஒரு கவாத்து. கொடியை ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். மே மாத வெயிலில் துளிர்க்கிற குச்சிகளுக்குள் அடுத்த விளைச்சலின் கரு உருவாகிறது. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழை. பழம் இருந்தால் அழுகிவிடும், அதனால் பழமே இல்லாமல் குச்சியை முற்றவிடுகிறார்கள். மழை ஓய்ந்ததும் செப்டம்பர் கடைசியிலோ அக்டோபரிலோ பழக் கவாத்து. வெட்டிய குச்சியின் கண்களில் ஹைட்ரஜன் சயனமைடு கரைசலைத் துணியால் தொட்டுத் தடவுகிறார்கள். ‘பேஸ்ட்’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள், கடுமையான மருந்து; கையுறை இல்லாமல் தொட்டால் தோல் போய்விடும். இரண்டு கவாத்து, ஒரு விளைச்சல். நம் கம்பம் பள்ளத்தாக்கில் பன்னீர்த் திராட்சைக்காரர்கள் கவாத்தை மாற்றி மாற்றிப் போட்டு வருஷம் முழுக்கப் பழம் எடுப்பார்கள். நாசிக்கின் மழையும் குளிரும் அதற்கு இடம் தராது. ஒரே ஒரு வாய்ப்பு. பழம் முற்றுவது ஜனவரி முதல் மார்ச் வரை. உலகத்தின் பெரிய ஒயின் நாடுகளெல்லாம் இலையுதிர்காலத்துக்காகக் காத்திருக்க, இங்கே குளிர்கால முடிவில் அறுவடை. நிபாட் பக்கம் ஜனவரி இரவுகளில் வெப்பம் பத்து டிகிரிக்கும் கீழே இறங்கிவிடும். அந்தக் குளிர்தான் பழத்தின் புளிப்பைக் காப்பாற்றுகிறது. பிப்ரவரி கடைசியில் வெயில் ஏறினால் ஒரு வாரத்தில் புளிப்பு பறந்துவிடும். அதனால்தான் இந்த விடியல் அவசரம்.

ஒரு பைக்கில் இளைஞர் ஒருவர் வருகிறார். ஆலையின் வயல் அலுவலர். தோட்டக்காரர் அவரை ‘சாஹேப்’ என்கிறார். அவர் இவரை ‘காகா’ என்கிறார். இருவருக்கும் முப்பது வயது வித்தியாசம். அலுவலர் வரிசைக்கு வரிசை நடந்து, மேல் கொத்து, கீழ்க் கொத்து, வெயில் பக்கம், நிழல் பக்கம் என்று பழங்களைப் பொறுக்கிப் பிளாஸ்டிக் பையில் போட்டு நசுக்குகிறார். சாறு ஒரு சொட்டு ரிஃப்ராக்டோமீட்டர் கண்ணாடியில். கண்ணை வைத்துப் பார்க்கிறார்.

"எவ்வளவு?" தோட்டக்காரர் கேட்கிறார்.

"நீங்க சொல்லுங்க காகா."

"இருபத்திமூணு. இருபத்திமூணரை இருக்கும்."

அலுவலர் கருவியை அவரிடம் நீட்டுகிறார். அவர் வாங்கிப் பார்க்கவில்லை. நல்லது என்று தலையை ஆட்டிவிட்டு வரிசைக்குள் போய்விடுகிறார்.

சாற்றின் இனிப்பைச் சொல்கிற பிரிக்ஸ் என்கிற இந்த எண்தான் பணம். குறைந்தால் விலை குறையும். சாப்பாட்டுத் திராட்சை ஏக்கருக்குச் சுமார் 10 டன் கொடுத்தால் ஒயின் திராட்சையில் அதில் பாதியோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள். அதிகம் விளைந்தால் தண்ணீர்ச் சாறு. விவசாயியிடம் போய் விளைச்சலைக் குறை என்று சொல்வது எவ்வளவு பெரிய விஷயம்! அவர் அப்பன் பாட்டன் காலத்திலிருந்து கற்றதெல்லாம் இதற்கு நேர் எதிர். அதற்கு ஈடாகக் கிடைப்பது ஒப்பந்தம். பல வருஷத்துக்கு விலை நிச்சயம். ஜிப்ரலிக் செலவு இல்லை, காகிதம் இல்லை, ஏற்றுமதிக்காரரின் நிராகரிப்பு இல்லை.

ஒப்பந்தமும் எப்போதும் காப்பாற்றிவிடவில்லை. அந்தக் கதையைச் சொல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கைப் புரிந்துகொள்ள முடியாது.

1980களில் பூனா மாவட்டம் நாராயண்காவில் ஷாம்ராவ் சௌகுலேயின் இண்டேஜ் நிறுவனம் பிரெஞ்சுத் தொழில்நுட்பத்தோடு நுரை ஒயின் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பியது. 1988ல் பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில் கன்வல் குரோவர் தொடங்கினார். நாசிக்குக்கு முறை வந்தது பிறகு. ஸ்டான்ஃபோர்டில் படித்து அமெரிக்காவில் வேலை பார்த்த ராஜீவ் சாமந்த் ஊர் திரும்பி, கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் இருந்த குடும்ப நிலத்தில் மாம்பழமும் சாப்பாட்டுத் திராட்சையும் முயன்று பார்த்துவிட்டு, கெர்ரி டாம்ஸ்கி என்ற கலிஃபோர்னிய ஒயின் நிபுணரைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1997ல் ஷெனின் பிளாங்கும் சோவிஞ்ஞோன் பிளாங்கும் நட்டார். 2000ல் முதல் பாட்டில். அம்மா சுலபாவின் பெயரிலிருந்து ‘சூலா’. ஷெனின் பிளாங்க் பிரான்சின் லுவார் நதிக்கரைக் கொடி. எத்தனை வெயிலிலும் புளிப்பை விட்டுக்கொடுக்காத குணம் அதற்கு. இந்த மண்ணுக்கு அதைத் தேர்ந்தெடுத்ததுதான் நாசிக் ஒயினின் ஆகச்சிறந்த முடிவு என்பேன். பெயர் பெற்ற வேறு ரகங்களைப் பின்னால் எத்தனையோ பேர் நட்டார்கள். வெயிலில் தாக்குப்பிடித்து வெள்ளை ஒயினுக்கு அடித்தளமாக நின்றது இதுதான்.

2001ல் மகாராஷ்டிர அரசு திராட்சைப் பதப்படுத்தும் தொழில் கொள்கையைக் கொண்டுவந்தது. ஒயினுக்கு ஆயத்தீர்வைச் சலுகை, விஞ்சூரிலும் சாங்லி மாவட்டம் பலூஸிலும் ஒயின் பூங்காக்கள். விவசாயிகளே ஆலை தொடங்கினார்கள். சிலர் நிலத்தை அடகு வைத்தார்கள். சாப்பாட்டுத் திராட்சைப் பந்தலைப் பிரித்துவிட்டு கேபர்னே சோவிஞ்ஞோன் நட்டார்கள், மெர்லோ நட்டார்கள், ஷிராஸ் நட்டார்கள். எந்தக் கொடி எந்தச் சரிவுக்கு என்று பார்த்துச் சொல்ல அப்போது ஆள் குறைவு. குச்சி கிடைத்தால் நட்டார்கள். 2008ல் உலகப் பொருளாதாரம் சரிந்தது. நவம்பரில் மும்பை நட்சத்திர ஓட்டல்களில் துப்பாக்கிச் சத்தம். இந்திய ஒயின் அதிகம் ஊற்றப்பட்ட இடங்கள் அவைதான். அடுத்த நவம்பரில் ஃபியான் புயல். பழக் கவாத்து முடிந்து பூவும் பிஞ்சுமாக நின்ற கொடிகள்மேல் மழை. இண்டேஜ் மூழ்கியது. சின்ன ஆலைகள் பல, தொட்டிகளில் விற்காத ஒயினோடு கதவைச் சாத்தின.

வரிசை முடிகிற இடத்தில் தோட்டக்காரர் அலுவலரிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எதிர்வரிசையில் நிற்கிறேன். இலைகளுக்கு நடுவே குரல் மட்டும்.

"அந்தக் கிணறு தெரியுதுல்ல, அதுவரைக்கும் கேபர்னே இருந்துச்சு. மூணு ஏக்கர். ஆலைக்காரன் ரெண்டு வருஷம் பணம் தரலை. மூணாவது வருஷம் ஆலையே இல்லை. ஜேசிபி வெச்சுப் புடுங்குனோம். என் பொண்டாட்டி அன்னைக்கு அடுப்பு பத்தவைக்கலை."

"இதை ஏன் விட்டீங்க காகா?"

"எதை?"

"இந்த ஷிராஸ்."

கொஞ்சநேரம் பதில் இல்லை. கத்தரிகளின் சத்தம்கூட இல்லாத வேலை என்பதால் அந்த இடைவெளி நீளமாகத் தெரிகிறது.

"இது சீக்கு வாங்கலை. மழையிலயும் நின்னுச்சு. நிக்கிறதை எப்படிப் புடுங்குறது?"

இன்று நிற்கிற ஆலைகள் அந்தச் சரிவில் தப்பியவையும் அதன்பிறகு வந்தவையும்தான். 2013ல் பிரான்சின் மோயே ஹென்னஸி குழுமம் திண்டோரியிலேயே ஷாண்டோன் நுரை ஒயினோடு இறங்கியது. 2022 டிசம்பரில் சூலா பங்குச்சந்தைக்கு வந்தது. ‘நாசிக் வேலி ஒயின்’ புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. அதே 2022 ஜனவரியில், பெரிய மளிகைக் கடைகளில் ஒயின் விற்கலாம் என்று மகாராஷ்டிர அமைச்சரவை முடிவெடுத்தபோது மாநிலம் இரண்டுபட்டது. அண்ணா ஹசாரே உண்ணாவிரதம் அறிவித்தார். முடிவு கிடப்பில் போனது. ஒயின் விவசாயிக்கு நல்லது என்று அரசு சொன்னது. குடி வீட்டுக்குக் கெடுதல் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். இரண்டுமே உண்மைதான், இந்தத் துளசி மாலைக்காரரின் வீட்டில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

ஒன்பதரைக்கே கேரட்டுகள் நிரம்பிவிட்டன. டிராக்டர் பெட்டியில் ஏற்றி ஈரச் சாக்கு போர்த்துகிறார்கள். ஆலை அதிக தூரமில்லை. எடைமேடை, சீட்டு, கழிவு பொறுக்கும் மேசை. இங்கேயும் பெண்கள்தான், இலையும் காம்பும் பொறுக்குகிறார்கள். காம்பு நீக்கும் இயந்திரத்திலிருந்து விழுகிற பழம், தோலோடும் விதையோடும் உயரமான எஃகுத் தொட்டிக்குள் போகிறது. வெள்ளை ஒயினுக்கு முதலிலேயே பிழிந்து தோலை நீக்கிவிடுவார்கள். குளிர்நீர் சுற்றுகிற தொட்டியில் மெதுவாக நொதிக்கும். சிவப்புக்குத் தோல் உள்ளேயே ஊற வேண்டும். கொஞ்சநாளில் மேலே தோல் அடையாகத் திரளும். அடியிலிருந்து சாற்றை இறைத்து அதன்மேல் ஊற்றி ஊற்றி நனைப்பார்கள். தொட்டியடியில் நின்றாலே மூக்கில் ஏறுகிறது: புளித்த பழம், ஈர மரம், கொஞ்சம் மிளகு.

சாயங்காலம் ருசி பார்க்கும் கூடத்தில் மும்பை வண்டிகள் வந்துவிடுகின்றன. மூன்று நான்கு மணி நேர ஓட்டம். பிறந்தநாள் கூட்டம், அலுவலகக் கூட்டம், வயதான அப்பா அம்மாவை அழைத்துவந்த ஒரு குடும்பம். அந்த அம்மா கோப்பையை மூக்கருகே கொண்டுபோய் எதிரே தெரிகிற கொடிகளைப் பார்த்து ஏதோ கேட்கிறார். ஊற்றுகிற பெண் பொறுமையாக விளக்குகிறாள். கொடி, மண், குளிர் எல்லாம் வந்துவிட்டன அவள் பேச்சில். கத்தரி வரவில்லை. சுர்காணா வரவில்லை.

எனக்கு இதில் ஒரு தீராத ஆதங்கம் உண்டு. பாட்டில் முகப்புகளை வரிசையாகப் படித்துக்கொண்டு போனால் ஷெனின், சோவிஞ்ஞோன், ஷிராஸ், டெம்ப்ரனில்லோ, வியோனியே. எல்லாம் கடல் தாண்டி வந்த பெயர். வந்ததில் தவறில்லை, தாம்சன் சீட்லெஸும் வந்ததுதான். ஆனால் அதை இந்த மகாராஷ்டிர விவசாயிகள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். சாங்லி மாவட்டம் போர்காவைச் சேர்ந்த வசந்தராவ் ஆர்வே தன் தோட்டத்தில் தேர்ந்தெடுத்ததிலிருந்து தாஸ்-ஏ-கணேஷ் வந்தது. சோலாப்பூர் மாவட்டம் நான்னஜில் நானாசாஹேப் காளே, தாம்சன் வழியில் வந்த ஒரு கிளை மாறிப் பழம் நீண்டு பொன்னிறமாகக் காய்ப்பதைக் கண்டுபிடித்துப் பெருக்கியதுதான் சோனாகா. ஆயிரம் கொடிகளுக்கு நடுவே ஒரு கிளை மட்டும் வேறு மாதிரி இருப்பதைப் பார்த்த கண் அது. பரிசோதனைச் சாலையில் பயின்றதல்ல, வரிசை வரிசையாக நடந்து நடந்து வந்த கண். இப்போது சாப்பாட்டுத் திராட்சையிலேயே காப்புரிமை பெற்ற ‘ஆரா’ போன்ற வெளிநாட்டு ரகங்கள் வருகின்றன; உரிமத்தொகை கட்டி நட வேண்டும். ஒயின் திராட்சையில் அந்தக் கண்ணுக்கு இதுவரை வேலையே கொடுக்கப்படவில்லை. பூனாவுக்குப் பக்கத்தில் மாஞ்சரியில் 1997லிருந்து தேசியத் திராட்சை ஆராய்ச்சி மையம் இருக்கிறது; சாறும் சதையும் சிவக்கிற மாஞ்சரி மெடிக்கா அவர்கள் உருவாக்கியது. தில்லியில் பூசா நவரங் உருவாக்கினார்கள். இவை சாற்றோடு நின்றுவிட்டன. நான் பார்த்த எந்த ஒயின் முகப்பிலும் இல்லை. நட்டு இருபத்தைந்து வருஷம் ஆன ஷிராஸ் கொடி இந்த மண்ணில் எப்படியெல்லாம் மாறியிருக்கும் என்று யார் நடந்து பார்க்கிறார்கள்?

தோட்டக்காரர் பார்க்கிறார் என்பது காலையில் கூட்டம் கிளம்பிய பிறகுதான் தெரிந்தது. பதினோராவது வரிசையின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில் ஒரு கொடி. அதன் இடப்பக்கக் கிளையில் சிவப்புத் துணிக்கீற்று கட்டியிருக்கிறது. அந்தக் கிளையில் ஒரு கொத்தைக்கூட மாவ்ஷி வெட்டவில்லை. சொல்லி வைத்திருப்பார் போல.

"சாஹேப், இங்க வாங்க. இந்தக் கொத்தைப் பாருங்க. நெருக்கம் இல்லை. காத்து உள்ளே போகுது. மழை பெஞ்சா அழுகாது. மூணு வருஷமா இந்த ஒரு கிளை மட்டும் இப்படி. மத்ததுக்கு எட்டு நாள் முன்னாடியே விதை பழுக்குது."

அலுவலர் குனிந்து பார்க்கிறார். கைப்பேசியில் இரண்டு படம் எடுக்கிறார். ஒரு பழத்தை நசுக்கிக் கருவியில் வைக்கிறார். எண்ணைச் சொல்லவில்லை, தோட்டக்காரரும் கேட்கவில்லை.

"காகா, ஒப்பந்தப்படி குச்சி எங்க நாற்றங்கால்லேர்ந்துதான் வாங்கணும்."

"நான் விக்கவா போறேன்? பத்துக் கொடி ஒட்டுக் கட்டிப் பாக்குறேன். கிணத்துப் பக்கம் காலியாத்தானே கிடக்கு."

"வேர்ச்செடி?"

"டாக்ரிட்ஜ் வெச்சிருக்கேன்."

"மேல கேட்டுச் சொல்றேன்."

"கேளுங்க. அதுவரைக்கும் ஏப்ரல் கவாத்துல யாரும் இதைத் தொடக்கூடாதுன்னு முகாதம்கிட்ட சொல்லிட்டேன். இந்த ஒரு கொடியை நானே வெட்டிக்கிறேன்."